வெயிலில் காயவைத்த பிக்கப்

அண்ணன் முதலில் மாற்றியது கம்பிகளை. அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பி மாற்றுவது சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரிதான். கை வியர்வை பட்டுத் துரு ஏறும், துரு ஏறினால் சத்தம் மங்கும், மாற்றியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் சாத்தூரிலிருந்து போனபோது, சிவகாசி வீட்டின் முன்னறையில், நான் வேலை பார்க்கும் பேப்பரையே விரித்து அதன் மேல் கிட்டாரை மல்லாத்தியிருந்தார். கழற்றிய பழைய கம்பிகள் வளையமாகச் சுருட்டப்பட்டு மாவட்டச் செய்திப் பக்கத்தின் மேல் இருந்தன.

"போன மாசந்தானண்ணே மாத்துன?"

"மேல் சத்தம் வரமாட்டேங்குதுலே. தட்டுனா பொத்துனு விழுது."

பொத்து என்பது அவர் வேலையிடத்துச் சொல். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் சத்தம் பார்க்கிறவர். ஒவ்வொரு லோடு சரக்கும் பெட்டிக்குள் போவதற்கு முன் அதிலிருந்து சில வெடிகளை எடுத்து, குடோன்களுக்கு எட்டத்தில் இருக்கும் கரட்டு நிலத்தில் வெடித்துப் பார்ப்பார். சத்தம் இறுக்கமாக, ஒரே வெட்டாக வந்தால் கெட்டி. சோர்ந்து விழுந்தால் பொத்து. கம்பெனியில் சத்தத்தை அளக்க மீட்டரும் உண்டு. மீட்டர் காட்டுவது சட்டத்துக்கு. கடைக்காரன் கேட்பது அண்ணன் சொல்வதை.

ஒருமுறை செய்திக்காக அந்த இடத்துக்குப் போயிருந்தேன். அவர் திரியில் நெருப்பு வைத்துவிட்டு நிதானமாக நடந்து வந்தார். சுற்றி நின்ற எல்லாரும் காதைப் பொத்தினோம். அவர் மட்டும் கைகளைத் தொங்கவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். பஞ்சாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"பஞ்சு வச்சுக் கேட்டா அது பஞ்சு கேட்ட சத்தம்லே. நான் கேட்ட சத்தம் இல்ல."

சரக்கு பொத்து என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்து யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நமுத்திருக்கிறது என்பதுதான் முதல் முடிவு. காயப்போடும் மேடையில் பரப்பி வெயிலில் போடுவார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். இந்தப் பழக்கம் கம்பெனியோடு நிற்பதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் வெயிலில் வைப்போம். செல்போன், கைக்கடிகாரம், மிக்சியின் மூடி, எதுவானாலும் முதல் வைத்தியம் மொட்டை மாடிதான்.

கிட்டார் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தார். சிவகாசி, சாத்தூர், தாயில்பட்டி என்று கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் போகும் சின்னக் குழு. பாட்டுக்கு நடுவே அவர் தனியாக வாசிக்க ஒரு துண்டு வரும். கழுத்துப் பகுதியில் விரல்கள் மேலே மேலே ஏறிப்போய், மெல்லிய கம்பியில் ஒரு சத்தத்தைப் பிடித்து அங்கேயே நிறுத்துவார். விசில் பறக்கும். மதினி அதைக் கேலி செய்வார். "ஒங்க அண்ணனுக்கு வாரம் பூரா கந்தகத்துல கெடக்குறதே இந்த ஒரு விசிலுக்குத்தான், கொழுந்தனாரே." கேலிதான். ஆனால் கச்சேரி இல்லாத மாதங்களில் அவர் சாப்பாட்டில் குறை சொல்வதும், கச்சேரி முடிந்த மறுநாள் பழைய சோற்றைக்கூடக் கேட்டு வாங்கித் தின்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

கம்பிக்குப் பிறகு குமிழ்களுக்கு வந்தார். கிட்டாரின் முகப்பில் திருகுகிற குமிழ்களுக்கு அடியில் வயர்களும் சின்னச் சின்னப் பாகங்களும் உண்டு. டோன் குமிழ் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. இருக்கிற கூர்மையில் கொஞ்சத்தை எர்த்துக்கு அனுப்பிவிடும். எவ்வளவு போகவேண்டும் என்பதை அதனோடு பற்றவைத்திருக்கும் ஒரு கெப்பாசிட்டர் தீர்மானிக்கும். அண்ணன் முதலில் சின்ன கெப்பாசிட்டர் போட்டார். பிறகு அதையும் வெட்டி எடுத்துவிட்டார். போகிற வழியையே அடைத்துவிட்டால் கூர்மை முழுதும் வெளியே வந்தாக வேண்டும்.

"வருதாண்ணே?"

"ம்ஹும்."

அடுத்து, கம்பிகள் தலைப்பக்கம் உட்காரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டையைப் பெயர்த்துவிட்டுப் பித்தளையில் போட்டார். ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் பித்தளையாக மாற்றினார். அது சத்தத்துக்காக இல்லை. இரும்பு உரசினால் பொறி வரும் என்று பயப்படும் இடத்தில் வேலை பார்ப்பவர் கை, பித்தளையைத்தான் முதலில் எடுக்கும். ஆம்ப்புக்குப் போகும் நீள வயரைக் குட்டையாக்கினார். நீள வயர் கூர்மையைத் தின்றுவிடும் என்று போனில் பார்த்த ஒரு வீடியோ சொன்னதாம். வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை என்பதால் பார்சல்கள் விருதுநகரில் என் ஆபீசுக்கு வரும். பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அவர் செய்த எதிலாவது தவறு இருக்கிறதா என்று விசாரித்தேன். மதுரையில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவருக்குப் போன் போட்டு, மாற்றிய பாகங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எல்லாமே சரியாத்தான் மாத்தியிருக்காரு சார். இப்ப அது கண்ணாடியக் கீறுன மாதிரி கேக்கணுமே?"

அப்படித்தான் கேட்டது. எனக்கும் மதினிக்கும், தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டது. அண்ணன் ஒருவருக்குத்தான் பொத்து.

ஒத்திகையில் கீபோர்டு வாசிப்பவர், அவர்தான் குழுவை நடத்துகிறவர், அண்ணன் ஆம்ப்பைப் போட்டதும் கத்தினார். "அண்ணாச்சி, கொண்டாந்தது கிட்டாரா, சாணக்கல்லா?"

"காதுல இருக்க பஞ்ச எடுத்துட்டுக் கேளுலே," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அந்த வருடம் பங்குனிப் பொங்கல் கச்சேரிக்கு நானும் போனேன். அவர் புதிதாக பிக்கப் மாற்றியிருந்தார். கம்பிகளுக்கு நேர் கீழே பதித்திருக்கும் காந்தம் அது. மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே செம்புச் சுருளில் மின்சாரம் அசையும். கிட்டாருக்கு அதுதான் காது என்று அண்ணன் எனக்கு விளக்கியிருந்தார். மேடையில் அவருடைய துண்டு வந்தது. விரல்கள் மேலே ஏறின. சத்தம் மிருதுவாக, அளவாக வந்தது. விசிலும் வந்தது. அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்து, கிட்டாரின் குமிழைக் கடைசிவரை திருகிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கீபோர்டுக்காரர் என்னை ஜெனரேட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, ஒங்க அண்ணன் லைன்ல மட்டும் ட்ரெபிள, அந்தக் கூர்மைய, மிக்சர்ல சுத்தமாக் கொறச்சு வச்சுத்தான் ஓட்டுனோம். இல்லன்னா சனம் எந்திரிச்சுப் போயிரும். அவுகட்ட எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க. ரெண்டு மாசம் பாப்பேன். சரியாகலன்னா வேற ஆள்தான். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

அதற்குச் சில நாட்கள் கழித்து, சாத்தூர் பேருந்து நிலையத்தில் அண்ணனுடைய கம்பெனி போர்மேனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். "ஒங்க அண்ணன் எந்த லோடைக் கேட்டாலும் பொத்துங்காரு. காயப்போட்டுக் காயப்போட்டு எடுக்கோம். மீட்டருல சரியாத்தான் காட்டுது. பொம்பளையாளுக வையிதுக. மொதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

இரண்டு இடங்களிலிருந்து, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே தகவலைச் சொன்னால், அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். கிட்டாரும் பொத்து, வெடியும் பொத்து. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரு ஜோடிக் காது. டீயைக் குடித்து முடிக்காமல் சிவகாசிப் பேருந்தில் ஏறினேன்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். மதினி நான் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"குக்கர் விசிலு கேக்காது அவுகளுக்கு. போன தீவாளிக்கு முன்னயே தெரியும். அடுப்புக்கிட்டயே உக்காந்து பேப்பர் படிப்பாக, அது பாட்டுக்கு அடிக்கும், திரும்பக்கூட மாட்டாக. நான் ஓடியாந்து எறக்குவேன். போன் மணி கேக்கலன்னு கொட்டுச் சத்தமா மாத்தி வச்சிருக்கேன். பேசுனா கேக்கும். மொகத்தப் பாத்துப் பேசுனா எல்லாம் கேக்கும்."

"அவர்ட்ட ஏன் மதினி சொல்லல?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். "சொல்லிட்டா கம்பெனி வேலயும் போகும், இந்தக் கிட்டாருக் கட்டையும் போகும். ரெண்டும் காது வேலதான தம்பி. அப்புறம் காலைல எந்திரிச்சு எங்கன போவாக?"

வேறு ஏதோ சாக்கில் மதுரைக்கு அழைத்துப்போய்க் காதைக் காட்டுவது என்று முடிவு செய்தோம். எந்தச் சாக்கு என்று யோசிப்பதிலேயே சித்திரை வந்துவிட்டது.

சித்திரையில் ஒரு ஞாயிறு நான் போனபோது அண்ணன் மொட்டை மாடியில் இருந்தார். தரையில் கால் வைக்க முடியவில்லை. ஒரு தகரத் தட்டில் அந்தப் புது பிக்கப் தனியாகக் கிடந்தது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து அதைக் காவல் காத்தார்.

"கண்டுபிடிச்சிட்டம்லே," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிவாக இருந்தது. "நமுத்திருக்கு. எங்கனயோ குடோன்ல ஈரத்துல கெடந்த சரக்கு. செம்புச் சுருளுக்குள்ள ஈரம் எறங்கிருச்சு. எனக்கு இது மொதல்லயே தோணிருக்கணும். உள்ள இருக்க மருந்த விட்டுட்டு மேல சுத்துன அட்டையப் போட்டு மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

வெயில் சாயும்வரை காயவைத்தார். நடுவில் ஒருமுறை, அப்பளத்தைத் திருப்புவது போல, புரட்டிப் போட்டார்.

பிக்கப்புக்குள் மெழுகு இருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. செம்புச் சுருளைச் செய்து முடித்ததும் உருக்கிய மெழுகில் முக்கி எடுப்பார்களாம். சுருளின் இழைகள் தாமாக நடுங்காமல் மெழுகு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு போய்விட்டால் ஆம்ப்பின் சத்தத்துக்கே இழைகள் நடுங்கும். அந்த நடுக்கம் மறுபடி ஆம்ப்புக்குப் போகும். அங்கிருந்து மறுபடி சுருளுக்கு. யாரும் கம்பியைத் தொடாமலே கிட்டார் கீச்சிடத் தொடங்கும். தகரத் தட்டின் மூலையில் எண்ணெய் போல ஏதோ தேங்கியிருந்தது. அதை ஈரம் என்று நினைத்து, "பாத்தியா, எம்புட்டு வந்திருக்கு" என்று எனக்குக் காட்டினார்.

பிக்கப்பைப் பொருத்தி, பித்தளை ஸ்க்ரூக்களை முடுக்கி, வயரைப் பற்றவைத்தார். மதினி கொண்டுவந்த காபியைக் குடித்தார். ஆம்ப்பைப் போட்டு, வால்யூமைக் கூட்டினார்.

அது கீச்சிட்டது. சாணைக்கல்லும் கண்ணாடியும் அதற்குப் பக்கத்தில் வரமுடியாது. பல்லின் வேருக்குள் இறங்கும் ஒரே ஒரு மெல்லிய, நிற்காத சத்தம். என் கைகள் என்னைக் கேட்காமல் காதுக்குப் போயின. மதினி டம்ளரைத் தரையில் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். எதிர்வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ தெருவிலிருந்து, "ஏய், அத நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார்கள்.

அண்ணன் கிட்டாரை மடியில் வைத்தபடி, இன்னும் ஒரு கம்பியையும் தொடாமல், எங்களைப் பார்த்தார்.

வெடித்துப் பார்க்கும் இடத்தில் திரியில் நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் பார்ப்பது இதைத்தான். எல்லார் கையும் காதில் இருக்கும். அதற்குப் பின் சத்தம் வரும். வேலை வாழ்க்கை முழுதும் அந்த வரிசை மாறியதில்லை. இங்கே எங்கள் கைகள் காதில் இருந்தன. தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் சத்தம் வரக் காத்திருந்தார்.

சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது, தனக்குத்தான் கேட்கவில்லை என்பதை அவர் எப்போது புரிந்துகொண்டார் என்று என்னால் சொல்ல முடியும். கண்கள் என் கைகளிலிருந்து மதினியின் கைகளுக்குப் போயின. தரையில் உருண்ட டம்ளருக்குப் போயின. கடைசியில் ஆம்ப்பின் சிவப்பு விளக்குக்குப் போயின. மெதுவாகக் கையை நீட்டி வால்யூமைக் குறைத்தார். எங்கள் கைகள் இறங்கின. மறுபடி கொஞ்சம் கூட்டினார். எங்கள் கைகள் ஏறின. இன்னொரு முறையும் செய்து பார்த்தார். பிறகு அணைத்துவிட்டார்.

"எம்புட்டு நாளா?" என்று மதினியைக் கேட்டார்.

மதினி உடைந்த குரலில் ஏதோ சொன்னார். முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு சொன்னதால் அவருக்கு அது கேட்டிருக்காது.

மதுரைக்கு அழைத்துப்போக அதன் பின் சாக்கு எதுவும் தேவைப்படவில்லை. கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடிக்கடி அமுக்கினார். பிறகு எப்போதாவது. பிறகு பட்டனின் மேல் கட்டைவிரல் தயாராக இருந்தது, முகத்தில் அந்தச் சாய்ந்த கவனம் இருந்தது, விரல் இறங்கவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று ஆள் வந்து தோளைத் தொடும்வரை அப்படியே இருந்தார்.

காகிதத்தில் கோடு பாதிவரை சமமாகப் போய், அப்புறம் படிக்கட்டிலிருந்து விழுந்தது போல இறங்கியிருந்தது. டாக்டர் விளக்கினார். வெடிச் சத்தம் முதலில் மேல் சத்தங்களைக் கேட்கும் இழைகளைத்தான் அழிக்குமாம். அண்ணன் காகிதத்தை வாங்கி, விழுந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு எந்தப் பார்ட்ட மாத்தணும் டாக்டர்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. டாக்டருக்கும் அது தெரிந்தது. "மாத்த முடியாதுங்கய்யா. போன இழை வளராது. மிஷின் வச்சுக்கிட்டா பேச்சு இன்னும் நல்லாக் கேக்கும்."

"கிட்டாரு?"

டாக்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்து, பைலில் வைத்தார்.

கம்பெனியில் அண்ணனே போய்ச் சொன்னார். போர்மேன் அழுதுவிட்டதாக அண்ணன் சொன்னார். பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் உட்காரவைத்தார்கள். கீபோர்டுக்காரரிடமும் அவரே சொன்னார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வருகிறவனிடம் நல்ல கிட்டார் இல்லாவிட்டால் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வந்தவனிடம் நல்ல கிட்டார் இல்லை.

ஆடியில் என்னை வரச்சொன்னார். முன்னறையில் அதே போலப் பேப்பர் விரித்திருந்தது. கழற்றிய பழைய பாகங்கள் எதையும் அவர் எறிந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டார். பழைய பிக்கப், பழைய குமிழ்கள், வெட்டி எடுத்த கெப்பாசிட்டர், பிளாஸ்டிக் கட்டை. ஸ்க்ரூக்கள் மட்டும் பித்தளை. காது மிஷினைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். அதை மாட்டினால் கிட்டார் தகரம் மாதிரி கேட்கிறதாம்.

"நான் அடிக்கேன். கேட்டுச் சொல்லு," என்றார், அவசியத்துக்கு மேல் சத்தமாக. "சரக்க அனுப்ப முன்ன பாக்கணும்லா."

வாசித்தார். பங்குனிக்கு வாசிக்கும் அதே துண்டு. விரல்கள் ஏறின. மெல்லிய கம்பியில் அந்த இடத்தைப் பிடித்து, நிறுத்தினார். அவருக்கு அந்த இடத்தில் கட்டையில் விரல் படும் சத்தம்தான் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். விரலில் நடுக்கமோ பிசகோ இல்லை. சத்தம் முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டியா, பொத்தா?"

"கெட்டிண்ணே. நல்லா இருக்கு."

"நல்லா இருக்கான்னு கேக்கல. எப்படி இருக்குன்னு சொல்லு. எழுதுற ஆள்தானலே நீ."

அவர் உதட்டைப் படிக்க வசதியாக எதிரே நகர்ந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். எடுக்கும்போது ஒரு சின்னக் கீறல் கேட்கிறது, நகம் பட்டது போல. உடனே அது தெளிகிறது. நிறுத்தும்போது நடுவில் கனமாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு பளபளப்பு, சரவெடியைச் சுற்றும் ஜிகினாத் தாளில் வெயில் படுவது போல. கடைசியில் அந்தப் பளபளப்புதான் முதலில் போகிறது. கனம் இன்னும் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போகிறது.

அவர் என் வாயைப் பார்த்தபடியே கேட்டார். கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"ஆமாலே," என்றார். "அப்படித்தான் இருந்துச்சு."